பதினோரு வருடம் ஆணியில் தொங்கிய குழாய்

படகுத்துறைத் தெருவில் பால் பொங்கி வழிந்து பதினைந்து வருடம் ஆகிறது. அடுப்பில் வைத்தால் சூடேறும், நுரை கட்டும், பாத்திரத்தின் விளிம்புவரை விறுவிறுவென்று ஏறும். அங்கே வந்ததும் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல நின்றுவிடும். தீயைக் கூட்டினாலும் சரி, அடுப்பை மறந்து கடைக்குப் போய்ச் சாவகாசமாக நாலு பேரிடம் வம்பு பேசிவிட்டு வந்தாலும் சரி, ஒரு சொட்டு கீழே விழாது. தெருவில் முப்பத்தாறு வீடுகள். முப்பத்தாறு அடுப்பிலும் இதே கதைதான். இதற்குக் காரணம் ஒரு பழைய படகு மோட்டார் என்றும், அந்த மோட்டாரின் ஒரு முழ நீள ரப்பர் குழாய் என்றும், அந்தக் குழாயைத் தெரிந்தே மாற்றாமல் விட்டது மூக்கர் என்றும் இன்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

மூக்கர் படகு மோட்டார் மெக்கானிக். மற்ற மெக்கானிக்குகள் காதால் பிடிக்கிற பழுதை இவர் மூக்கால் பிடிப்பார். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஆள் தெருமுனை திரும்பும்போதே, கடைக்குள் உட்கார்ந்தபடி “ரெண்டாவது பிளக்” என்பார். கழற்றிப் பார்த்தால் இரண்டாவது பிளக்தான் கரி பிடித்திருக்கும். ஒருமுறை கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போய்க்கொண்டிருந்த கப்பலைக் காற்றில் முகர்ந்து, “பாவம், கேஸ்கட் போகப்போகுது” என்று வருத்தப்பட்டார். எட்டாம் நாள் அந்தக் கப்பலை மூன்று கப்பல்கள் இழுத்துவந்து கரை சேர்த்தன. அப்படிப்பட்ட மூக்கு. அந்த மூக்குக்குத்தான் கெட்ட காலம் வந்தது.

மூக்கருக்கு ஒரே தங்கை. அவள் கணவர் படகுக்காரர். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் துடுப்புப் போட்டு ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர். ஒருநாள் எங்கிருந்தோ ஒரு மோட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நாலு கை மாறிய மோட்டார். அவரைவிட இரண்டு வயது மூத்தது. படகின் பின்பக்கம் மாட்டிக் கயிற்றை இழுத்ததும் தூங்கும் பூனைபோல இதமாகக் குறுகுறுத்தது. மெதுவாகப் போனால் நாள் முழுக்கப் போகும். கைப்பிடியைத் திருகி வேகம் கூட்டினால் மட்டும் மூன்று தரம் இருமும், நின்றுவிடும். ஆற்றுக்குள் ஓட்டுவதற்கு மெதுவான வேகமே போதும். ஆனால் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் நாள்தோறும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டி அப்பால் இருக்கும் பெரிய ஊருக்குப் போக முழு வேகம் வேண்டும்.

படகுக்காரர் மோட்டாரைக் கொண்டுவந்து கடை மேஜையில் வைத்தார். “மச்சான், முறுக்கினா படுத்துடுது. என்னன்னு பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மூக்கர் குனிந்து ஒரு மூச்சு இழுத்தார், அவ்வளவுதான். பழுது பெட்ரோல் குழாயில். வெளியே பார்த்தால் வழவழவென்று புதுக் குழாய் மாதிரி இருக்கும். உள்ளே தோல் உரிந்து கிடந்தது. மெதுவாக ஓடும்போது பெட்ரோல் அதன் ஓரமாக நழுவி வந்துவிடும். மோட்டார் பலமாக உறிஞ்சினால் அந்த உள்தோல் மடங்கி வழியை அடைத்துக்கொள்ளும். பிளக்கைப் பார்த்தும் கார்புரேட்டரைப் பார்த்தும் எத்தனையோ மெக்கானிக்குகள் தலையைப் பிய்த்துக்கொள்கிற இடம் இதுதான். மூக்கர் புதுக் குழாய் ஒன்றை அளந்து வெட்டிக் கையில் எடுக்கும்போது தங்கை சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள்.

“என்னண்ணே, கண்டுபிடிச்சுட்டியா?”

“அஞ்சு நிமிஷ வேலை. இந்தக் குழாயை மாத்தினா உன் வீட்டுக்காரர் சிட்டாப் பறப்பார்.”

“மாத்தாதே.”

மூக்கர் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தார். அவள் தூக்கைக் கீழே வைக்கவே இல்லை.

“படகு முன்பெட்டியில ரெண்டு சட்டை மடிச்சு வச்சிருக்கார். என்கிட்ட சொல்லலை. ஒரு சட்டைன்னா வேலைக்குப் போறார். ரெண்டு சட்டைன்னா?”

அந்தக் குடும்பத்தில் இரண்டு சட்டைக்கு ஒரே அர்த்தம்தான். அவர்களுடைய அப்பாவும் இரண்டு சட்டையை மடித்து எடுத்துக்கொண்டுதான் முகத்துவாரத்தைத் தாண்டினார், அத்தோடு சரி. 

“அப்பா மோட்டாரும் இப்படித்தான் மக்கர் பண்ணிட்டுக் கிடந்துது” என்றாள் தங்கை. “அதைச் சரி பண்ணிக் குடுத்த கெட்டிக்காரன் யாரு?”

மூக்கர்தான். அவர் கையால் சரிசெய்த முதல் மோட்டார் அது. அப்பா முதுகில் தட்டி, “பலே” என்று சொல்லிவிட்டுத்தான் ஏறிப் போனார். அந்தத் தட்டு இன்னமும் முதுகில் இருந்தது. மழைக்காலத்தில் அந்த இடம் மட்டும் சூடாக இருக்கும். மூக்கர் புதுக் குழாயைச் சுருட்டிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். சாயந்திரம் படகுக்காரர் வந்தபோது, “பிடிபடலையே மாப்பிள்ளை. பார்ப்போம்” என்றார். அந்தக் கடையில் சொல்லப்பட்ட முதல் பொய் அது.

அன்று வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மூக்கர் ஓடினார். பதினோராவது அடியில் மூன்று தரம் இருமினார், நின்றுவிட்டார். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். மழை அவர் மேல் பெய்து, சட்டைப் பையை நிரப்பி, வழிந்து, ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் காலைக் கீழே வைக்க முடிந்தது. நடந்தால் ஒன்றுமில்லை, ஓடினால்தான். மோட்டாருக்கு வந்தது தமக்கும் வந்துவிட்டது என்று அவருக்கு உடனே புரிந்தது. மெக்கானிக் அல்லவா?

அதன்பிறகு பதினோரு வருடம் அவர் அந்த மோட்டாரைப் பழுதுபார்த்தார். தெரியாத பழுதைத் தேடுவது ஒரு வேலை; தெரிந்த பழுதைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றித் தேடுவது அதைவிடப் பத்து மடங்கு வேலை. பிளக்கை எண்பது தடவை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை ஊதி ஊதியே கடையில் மீன்காரர்கள் வலை உலர்த்துமளவு காற்று உண்டாயிற்று. பெட்ரோல் டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று டேங்கை மாற்றினார். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கும் என்று மூடியை மாற்றினார். பம்ப்பின் தோலையும், கையால் அமுக்குகிற ரப்பர் உருண்டையையும், பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயிலையும், கடைசியில் பிஸ்டனையும்கூட மாற்றினார். ஒன்பதாவது வருடம் பார்த்தால் அந்த மோட்டாரில் பழைய பொருள் என்று மிச்சம் இருந்தது அந்தக் குழாய் ஒன்றுதான். வெளியூர் மெக்கானிக்குகள் வந்து குழாயில் கை வைத்தால், “அதைப் போன மாசந்தான் மாத்தினேன்” என்று குறுக்கே விழுவார். அவர்களும் மூக்கர் சொல்லாயிற்றே என்று கையை எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் படகுக்காரர் நல்ல நம்பிக்கையோடு முகத்துவாரம்வரை போவார், கைப்பிடியைத் திருகுவார், மூன்று இருமல், பிறகு அமைதி. நீரோட்டம் படகைத் திருப்பித் துறைக்கே கொண்டுவந்து விடும்.

ஊர் சும்மா இருக்குமா? மூக்கருக்கு மூக்கு அடைத்துவிட்டது என்றார்கள். “சளி” என்று புதுப்பெயர் வைத்தார்கள். “சளியண்ணே, என் மோட்டாரை மட்டும் மோந்து பார்த்துடாதீங்க, நல்லா ஓடிட்டிருக்கு” என்று கடை வாசலில் நின்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். ஐந்து வருடத்தில் கடைக்கு வருகிற மோட்டார் அந்த ஒன்றுதான் என்றாகிவிட்டது.

நோய் இதற்குள் மூக்கரோடு நிற்காமல் தெருவுக்குப் பரவியிருந்தது. முதலில் பால். பிறகு, பூனையைத் துரத்திய நாய் பாய்ந்த நிலையிலேயே காற்றில் நின்றது. பூனை திரும்பிவந்து அதை முகர்ந்து பார்த்துவிட்டு நிதானமாக நடந்துபோனது. தையல்காரரின் மெஷின் கல்யாண அவசரத்துக்கு மிதித்தால் மட்டும் நின்றது. தபால்காரர் இறக்கத்தில் சைக்கிளோடு சிலையாகிப் போனார். இரண்டு பேர் சண்டை போட்டால் கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் வாய் திறந்தபடியே நின்றுவிட்டதால், அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகள் பாதிக் கெட்ட வார்த்தைகளோடு வளர்ந்தன. துறையில் கட்டியிருந்த மற்ற படகுகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒன்றும் வேகம் பிடிக்காது. இதை ஆராய வந்த அரசாங்க டாக்டர் கடமை உணர்ச்சியோடு தெருவுக்குள் வேகமாக நுழைந்தார். அவரை நாலு பேர் பலகைபோலத் தூக்கித் தெருவுக்கு வெளியே வைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் மருந்தைக் கண்டுபிடித்தவர் தையல்காரரின் மனைவி. மோட்டார் நின்றால் ரப்பர் உருண்டையை மூன்று தரம் அமுக்கிவிட்டுக் கயிற்றை இழுப்பதில்லையா? அதுபோல, நின்றுபோனவரின் முழங்கையை யாராவது மூன்று தரம் மடக்கி நீட்டினால் போதும், ஆள் மெதுவாக அசைவார். பழகிப்போயிற்று. வழியில் யாராவது நின்றுகொண்டிருந்தால், குடையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிற மாதிரிச் சாதாரணமாக முழங்கையை மடக்கிவிட்டுப் போனார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் தெருவுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. தங்கை வீட்டில்தான் யாரும் சிரிக்கவில்லை. கணவர் போகவில்லை, அதற்காகத்தானே இத்தனையும். மெதுவான வேகத்தில் ஆட்களை ஏற்றி இறக்கினார், நேரத்துக்கு வந்து சாப்பிட்டார், சாப்பிட்டதும் நாற்காலியை முகத்துவாரத்தைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார். அவள் கோபம் ஏறும், பாதியில் நின்றுவிடும். அவர் சிரிப்பு உதடுவரை வரும், நின்றுவிடும். ஆசையாக ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அதற்கும் அதே கதிதான். ஒருநாள் அவளே அண்ணனிடம் சொன்னாள்: “ஆள் வீட்டிலதான் இருக்கார்ணே. கட்டிப் போட்ட படகு மாதிரி. தண்ணி ஏறினா ஏறுறார், இறங்கினா இறங்குறார்.”

“மாத்திடட்டுமா?” என்றார் மூக்கர். அது ஏழாவது வருடம்.

“இப்ப மாத்தினா, ஏழு வருஷமா ஏன் மாத்தலைன்னு கேட்பாரே. நீ பதில் சொல்வியா, நான் சொல்லட்டுமா?”

இருவரும் சொல்லவில்லை. குழாய் ஆணியிலேயே தொங்கியது. அதன்மேல் தூசி படிந்து, தூசியின்மேல் ஒரு சிலந்தி குடும்பம் நடத்தி, அந்தச் சிலந்தியின் பேரப்பிள்ளைகளும் தலையெடுத்தாயிற்று.

பதினோராவது வருடம் தங்கைக்கு வயிற்றுவலி வந்தது. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். நாலாம் நாள் காலையில் பாத்திரம் கழுவுகிற இடத்திலேயே சுருண்டு விழுந்தாள். உள்ளூர் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “குடல்வால் வெடிக்கப்போகுது. மத்தியானத்துக்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில கத்தி வைக்கணும்” என்றார். பெரிய ஆஸ்பத்திரி முகத்துவாரத்துக்கு அப்பால். சாலை வழியாகச் சுற்றிப் போனால் பொழுது சாய்ந்துவிடும்.

மூக்கர் கடைக்குப் போய் ஆணியிலிருந்து குழாயை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நடந்துதான் போனார், நடந்துதான் வந்தார், ஓட முடியாதே. தங்கையைத் தூக்கிப் படகில் படுக்கவைக்கும்போது அவள் கை அவர் நெஞ்சில் பட்டது. சட்டைக்குள் இருப்பது என்னவென்று தெரிந்துகொண்டாள். வலியில் வெளுத்துப்போன முகத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வேண்டாம். செத்தாலும் வேண்டாம் என்ற ஆட்டம் அது. மூக்கரும் துறையில் வைத்து அதை வெளியே எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் கண் முன்னால் எடுக்க அவருக்குக் கை வரவில்லை. மெதுவாகவே ஊர்ந்து தாண்டிவிடலாம் என்று நினைத்தார். இத்தனை வருடம் பொய்யாகத் தேடியதில், அந்த மோட்டார் முகத்துவாரத்தை ஒருநாளும் ஊர்ந்து தாண்டாது என்பதையே மறந்துவிட்டார்.

நடு முகத்துவாரத்தில் தண்ணீர் படகைப் பக்கவாட்டில் புரட்டியது. படகுக்காரர் கைப்பிடியைத் திருகினார். மூன்று இருமல். மோட்டார் நின்றது. அவர் அவசரமாகக் கயிற்றை இழுத்தார்; இழுத்த கை பாதியில் நின்றது. படகு பின்னோக்கிப் போக ஆரம்பித்தது. மூக்கர் குழாயையும் திருப்புளியையும் எடுத்து அவசரமாகக் குனிந்தார். அவர் விரல்களும் நின்றன. தன் கைகளையே வெறித்துப் பார்த்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவசரம் உண்மையாக இருந்தது. அதனால்தான் விரல் அசையவில்லை.

“வேண்டாம்ணே” என்றாள் தங்கை.

அந்தக் குரலைக் கேட்டதும் மூக்கருக்குள் இருந்த அவசரமெல்லாம் வடிந்து, ஈயம்போலக் கனமான நிதானம் ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டாணி உரிக்கிறவர்போல ஒரு கிளாம்ப்பைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றினார். பழைய குழாயை உருவினார், புதியதைச் சொருகினார், இரண்டு கிளாம்ப்பையும் முறுக்கினார். அலை இரண்டு தரம் படகுக்குள் ஏறி மூன்று பேரையும் நனைத்தது, அவர் நிமிரவில்லை. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு எழுந்து படகுக்காரரின் முழங்கையை மூன்று தரம் மடக்கி நீட்டினார்.

படகுக்காரர் புதுக் குழாயைப் பார்த்தார். அதில் அப்பியிருந்த தூசியைப் பார்த்தார், ஆணி பட்ட இடத்தில் இருந்த துருவைப் பார்த்தார். பழைய குழாயை எடுத்து வாயை விரித்து உள்ளே விரல் விட்டார். உரிந்த தோல் நாக்குபோல வெளியே வந்தது.

“இவ்வளவுதானா மச்சான்?” என்றார்.

படகுக்காரர் கயிற்றை இழுத்துக் கைப்பிடியைக் கடைசிவரை திருகினார். பதினோரு வருடமாக அடைபட்டிருந்த வேகமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பின்பக்கம் வெடித்தது. மூக்கரின் சட்டைப் பொத்தான்கள் வரிசையாகத் தெறித்தன. படகின் நிழலால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவர்கள் கரை தட்டி, தங்கையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் கால் வைத்த பிறகுதான் நிழல் மூச்சு இளைக்க இளைக்க வந்து படகுக்கு அடியில் படுத்தது. ஆஸ்பத்திரிக்கு நாற்பத்திரண்டு படி. படகுக்காரர் மனைவியைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடினார். பதினோராவது படியில் நிற்கவில்லை, இருபத்திரண்டாவது படியில் நிற்கவில்லை. பின்னால் மூக்கர்தான், பதினொன்றுக்கு ஒருமுறை நின்று, போகிற வருகிறவர்களிடம் முழங்கையை நீட்டி நீட்டி ஏறினார்.

கத்தி வைத்தார்கள், பிழைத்துக்கொண்டாள். கண் திறக்கும்வரை படகுக்காரர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய குழாய். அவள் விழித்ததும் முதலில் பார்த்தது அதைத்தான்.

“ரெண்டு சட்டை எடுத்து வச்சீங்களே” என்றாள். பதினோரு வருடமாக வாயில் வைத்திருந்த கேள்வி அது.

“ஒண்ணு நனைஞ்சா மாத்திக்க” என்றார் அவர். “படகு ஓட்டுறவன் வேற என்ன பண்ணுவான்? அன்னைக்கே விட்டிருந்தா, போயிட்டு சாயந்திரமே வந்திருப்பேன்.”

“இப்போ?”

அவர் குழாயை அவள் தலையணை ஓரத்தில் வைத்தார். கட்டிலுக்குக் கீழே கோணலாகக் கிடந்த அவள் செருப்புகளை, எழுந்தால் கால் தேடாமல் இருக்க, நேராக ஜோடி சேர்த்து வைத்தார். மூக்கரின் அருகில் வந்து ஒரு நொடி நின்று, முதுகில் தட்டினார். அப்பா தட்டிய அதே இடம். பிறகு நாற்பத்திரண்டு படியும் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் கிளம்புகிற சத்தம் கேட்டது; இருமல் இல்லாத, முழு வேகத்துச் சத்தம். மூக்கர் கண்ணை மூடி முகர்ந்தார். குறையே இல்லாத மோட்டார். அப்பாவுடையதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் இரண்டாவது.

முன்பெட்டியில் இருந்த சட்டைகளை அவர் எடுத்துக்கொண்டாரா என்று கேட்பவர்களுக்கு: எடுக்கவில்லை. அவற்றை ஆஸ்பத்திரிப் படித்துறையில் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். பதினோரு வருடத்தில் அவை அவருக்குச் சிறியவையாகிவிட்டன; நனைந்த சட்டையோடே போனார், அத்தோடு சரி. அவர் சொன்னது நிஜமா, அன்றைக்கே விட்டிருந்தால் சாயந்திரம் வந்திருப்பாரா என்பதில் தெரு இரண்டு கட்சி. வந்திருப்பார் என்று ஒரு வரிசை வீடு, வந்திருக்கமாட்டார் என்று எதிர்வரிசை. விவாதம் சூடுபிடிக்கிற இடத்தில் எல்லோரும் நின்றுவிடுவதால் இன்றுவரை தீரவில்லை.

மோட்டார் சரியாகிவிட்டதே, தெருவும் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தார்கள். ஆகவில்லை. ஒருநாள் தெருக்காரர்கள் திரண்டுபோய் மூக்கரைக் கேட்டார்கள். அவர் காற்றை ஒரு மூச்சு இழுத்தார். “என்ன பழுதுன்னு தெரியுது. இதுக்கு ஸ்பேர் வர்றதில்லை” என்றார். அந்தக் கடையில் வெகுநாளைக்குப் பிறகு சொல்லப்பட்ட உண்மை என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. கடைக்குத் திரும்பவும் மோட்டார்கள் வருகின்றன. காலி ஆணியைப் பிடுங்கிவிடலாமே என்று யாராவது சொன்னால், அவர் காது கேட்காததுபோல இருந்துவிடுகிறார்.

தங்கை சாலை வழியாக வீடு வந்து சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. பழைய குழாய் அவள் அடுப்பங்கரைச் சுவரில் தொங்குகிறது. மத்தியானங்களில் முகத்துவாரப் பக்கமிருந்து ஏதாவது ஒரு மோட்டார் முழு வேகத்தில் போகும் சத்தம் வந்தால், அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். கண்ணில் தண்ணீர் ஏறும். இமை விளிம்புவரை விறுவிறுவென்று வரும், அங்கே வந்ததும் நின்றுவிடும்; ஒரு சொட்டு கீழே விழாது. பக்கத்துத் தெருப் பெண்கள் இப்போதெல்லாம் காலையில் பால் பாத்திரத்தோடு அவள் வீட்டுக்கு வருகிறார்கள். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதில்லை, பொங்கும் என்ற பயம் இல்லை. அடுப்பில் வைத்துவிட்டுப் போகிறார்கள், வேலையெல்லாம் முடித்துக்கொண்டு வந்து எடுத்துப்போகிறார்கள்.